விறகுக்காடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்சில், லியோனில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கோபி. கடந்த ஜூனில் ஒரு கிராவல் சைக்கிள் (ஜல்லிப் பாதையில் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்) வாங்கி, பிரெஞ்சு நண்பர்கள் இருவருடன் மோர்வான் மலைப்பகுதியில் நான்கு நாள் சுற்றினேன். கிளாம்சியில் தொடங்கி யோன் ஆற்றையும் நிவெர்னே கால்வாயையும் ஒட்டி மேலேறினோம். செத்தோன் ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். பிறகு க்யூர் ஆற்றோடு இறங்கி வெஸலே. மனிதக் கை படாத காடு, இயற்கையான ஏரி, மணிக்கணக்காக எதிரே ஓர் ஆள் இல்லை. கிராமங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சைக்கிளில் இப்படிக் காட்டுக்குள் போவது அமெரிக்காவில் சமீபத்தில் தொடங்கியது என்கிறார்கள். மனிதன் இயற்கையிடம் திரும்பிப் போக இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றியது. கடைசி நாள் மட்டும் ஒரு மலைச்சரிவையே மொட்டையடித்து வைத்திருந்ததைப் பார்த்து மனம் கசந்துவிட்டது.

அடுத்த கோடையில் லோத் பள்ளத்தாக்கா, செவென் மலையா? தனியாகப் போகலாமா? டயர் 40 மி.மீ. போதுமா, 45 வேண்டுமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் விறகைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பதில் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயர் விஷயத்தைச் சைக்கிள் கடைக்காரரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் 45 போட்டு, காற்றைக் குறைத்து ஓட்டுங்கள் என்பேன். அமெரிக்கக் கதையை விட்டுவிடுங்கள். செயிந்த்-எத்தியேனில் பட்டு வியாபாரம் செய்த போல் தெ விவி, 1887ல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கியவர். வெலோசியோ என்ற பெயரில் எழுதினார். தார் காணாத மலைச்சாலைகளில் இரவும் பகலும் ஓட்டினார். மலை ஏற கியர் வேண்டும் என்று ஆயுள் முழுக்க வாதாடினார். டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்கள் கியர் மாற்றியை ஏற்றுக்கொண்டது 1937ல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து. மனிதர் இறைச்சி தொடமாட்டார். உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், சைக்கிளுக்கு உடனே அனுமதி கிடைக்கும்.

மனிதக் கை படாத காடு என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாள் ஓட்டினீர்கள். கீழே ஓடிய பாதையைக் குனிந்து பார்க்கவில்லையா? கருங்கல் ஜல்லி கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி, ஓரத்தில் வாய்க்கால் எடுத்த பாதை அது. உங்களுக்காகவா போட்டார்கள்? மரலாரி ஏறுவதற்குப் போட்டது. வளைவுகள் அத்தனை அகலமாக இருந்ததும் நீளமான தடிகளை ஏற்றிய வண்டி திரும்பத்தான். உங்கள் கிராவல் சைக்கிளுக்கு வேலையே அந்த லாரியின் தடத்தில்தான் இருக்கிறது.

கூடாரம் போட்டீர்களே செத்தோன், அது அணைக்கட்டு. 1858ல் கட்டி முடித்தார்கள். எதற்கு? விறகுக்கு! பாரிஸ் நகரம் மூன்று நூற்றாண்டு குளிர்காய்ந்தது மோர்வான் விறகில். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய ஏற்பாடு. மரத்தை ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளமாகத் துண்டுபோட்டு ஓடைக்கரையில் அடுக்குவார்கள். துண்டின் வெட்டுமுகத்தில் அந்தந்த வியாபாரியின் முத்திரையைச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். பருவம் வந்ததும் மேலே உள்ள ஏரிகளின் மதகைத் திறந்துவிட்டு, வரும் வெள்ளத்தில் விறகைத் தள்ளிவிடுவார்கள். யாருடைய விறகு என்ற பேச்சே இல்லாமல் எல்லாம் கலந்து மிதந்து கிளாம்சிக்கு வரும். அங்கே ஊரே கரையில் நின்று கொக்கிக் கம்பால் இழுத்து, முத்திரை பார்த்துப் பிரிக்கும். பிறகு கொடியால் கட்டி, சுமார் 70 மீட்டர் நீளத்துக்குத் தெப்பமாக்கி, அதன்மேல் ஓர் ஆளும் உதவிக்கு ஒரு பொடியனும் ஏறி யோன் வழியாக சேன் ஆற்றில் சேர்ந்து பாரிஸ் போவார்கள். இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று செய்த வேலை. திரும்பி வருவது நடந்து. நீங்கள் பயணம் தொடங்கிய கிளாம்சியில், பெத்லெகேம் பாலத்தின் மேல் அந்தத் தெப்பக்காரனுக்குச் சிலையே இருக்கிறது. சைக்கிளைச் சாய்த்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நிவெர்னே கால்வாயும் அப்படித்தான். 1784ல் அதை வெட்டத் தொடங்கியது பாரிசுக்கு விறகு போகத்தான்.

நிலக்கரி வந்து விறகு வியாபாரம் படுத்தது. காடு சும்மா இருந்ததா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 முதல், அரசு காசு கொடுத்து ஊசியிலை மரம் நடச்சொன்னது. பீச்சும் ஓக்கும் இருந்த சரிவுகளில் டக்ளஸ் ஃபிர் ஏறியது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மரம். நேர்கோட்டில் நட்டிருப்பார்கள். அடியில் வெளிச்சம் குறைவு, செடிகொடியும் குறைவு. ஐம்பது அறுபது வருடத்தில் வெட்டு. முதல் மூன்று நாள் இந்த வரிசைகளுக்கு நடுவே இயற்கை, இயற்கை என்று மகிழ்ந்துவிட்டு, நான்காம் நாள் அறுவடையைக் கண்டு கசந்தீர்கள். கோபிக்காரர் நீங்கள். கரும்புக் காட்டின் பச்சையைப் படம் பிடித்துவிட்டு வெட்டும் நாளில் ஒருவர் வந்து கண்ணீர் விட்டால் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?

மொட்டைவெட்டை நான் ஆதரிக்கவில்லை. கனத்த இயந்திரம் ஏறி இறுகிய மண்ணில் மழைத்தண்ணீர் இறங்காது, சரிவில் மண் அரித்து ஓடைக்குப் போகும். உள்ளூர்க்காரர்களே பங்கு போட்டு இலையுதிர்க் காடுகளை விலைக்கு வாங்கி, மொட்டையடிக்காமல் மரம் மரமாகத் தேர்ந்து வெட்டிப் பராமரிக்கிறார்கள். அவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அவர்கள் காட்டைத் தெரிந்தவர்கள்.

நான் பிரான்சுக்கு வந்த புதிதில் ஷாத்தோ-ஷினோன் பக்கம் ஒரு கிராமத்தில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் மரஅறுவை ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இடது கையில் இரண்டு விரல் இல்லை. மாலையில் நடக்கப் போனால் பாதையோரம் அடுக்கிய தடிகள் முன்னே நின்றுவிடுவார். வெட்டுமுகத்தில் பெயின்ட் எண், ஓரத்தில் பிசின் வழிந்து காய்ந்திருக்கும். மீதி விரல்களால் அழுத்தித் தடவி, நடுவிலிருந்து வெளியே வளையம் வளையமாக வருவார். நூல்போல மெலிந்த ஒன்றின் மேல் நகத்தை வைத்து, இது 76 என்பார். 1976 பெருவறட்சி. அந்த வருடம் மாடுகளுக்கு வைக்கோல் கிடைக்காததைச் சொல்வார். அந்தச் சரிவில் மரம் நட்ட கூலியாட்களில் அவரும் ஒருவர், இளைஞராக இருந்தபோது. வெட்டியபோது வருத்தமா என்று கேட்டேன். நட்டதே வெட்டத்தானே என்றார். ஆனால் லாரி வரும் நாட்களில் அந்தப் பக்கம் நடக்கமாட்டார், ஆற்றுப் பக்கம் திரும்பிவிடுவார்.

அவர் வீடும் இப்போது பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டிய வீடுகளைப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மோர்வான் பெண்கள் பாரிஸ் பணக்கார வீடுகளுக்குப் பாலூட்டும் தாதிகளாகப் போனார்கள். சொந்தக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அதற்குரிய பாலை வேறொரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூலியில் வைக்கோல் கூரைக்குப் பதில் ஸ்லேட் கல் கூரை போட்டுப் பெரிதாகக் கட்டிய வீடுகளுக்குப் பால்வீடு என்றே பெயர். பாரிசின் அநாதைக் குழந்தைகளையும் இந்தக் கிராமங்களுக்குத்தான் வளர்க்க அனுப்பினார்கள். விறகும் பாலும் இங்கிருந்து போயின, கடைசியில் ஆட்களும் போனார்கள். அன்று இருந்த சனத்தொகையில் பாதிகூட இன்று இல்லை. ஆள் இல்லாததால்தானே உங்களுக்கு அந்தப் பயணம் அவ்வளவு பிடித்தது, பிரபு? கோபியில் பூட்டிய வீடுகள் எத்தனை, அவற்றைக் கட்டிய பிள்ளைகள் எந்த நாட்டில் என்று உங்களுக்கே தெரியும்.

செவெனுக்கே போங்கள். லோத்தில் ஆறு அழகு, ஆனால் கோடையில் கூட்டம். செவெனில் மலைச்சரிவு முழுக்கக் கல் அடுக்கிய படிவயல்கள், அவற்றில் செஸ்ட்நட் மரங்கள். ஒரு காலத்தில் ஏழைக்கு அதன் கொட்டைதான் ரொட்டி. ஊடே முசுக்கொட்டை மரங்கள் நிற்கும், பட்டுப்புழுவுக்கு வளர்த்தவை. புழுவுக்கு நோய் வந்து பட்டுத்தொழில் நொடித்தபோது, 1865ல் விஞ்ஞானி லூயி பாஸ்டரையே அங்குள்ள அலேஸ் நகரப் பக்கம் அனுப்பினார்கள். படிவயல் சுவரில் ஒரு கல்லையாவது தொட்டுவிட்டு வாருங்கள்.

தனியாகப் போகலாம், பயமில்லை. செப்டம்பருக்கு முன்பே முடித்துவிடுங்கள், அதிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலும் வேட்டைக்காலம். பாதையில் வேட்டைப் பலகை வைத்திருந்தால் ஆரஞ்சு மேல்சட்டை போட்டாலும் உள்ளே நுழையாதீர்கள், சுற்றிப் போங்கள். தண்ணீருக்குக் கடை தேட வேண்டாம். கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருந்தால் மட்டும் பிடிக்காதீர்கள்.