ஏ.எஃப்.பி. 620 என்றால் அப்பாவுக்கு எவ்வளவு காலம்?

கல்லீரல் புற்றுநோய் உறுதியான உங்கள் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் ஏ.எஃப்.பி. 620 வந்திருக்கிறது, இதை வைத்து எத்தனை நாள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது நானும் ராத்திரியெல்லாம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

ஏ.எஃப்.பி. என்பது கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் புரதம். பிறந்தபின் குறைந்துவிடும். புற்றுச் செல்கள் அதை மறுபடி சுரக்க ஆரம்பிக்கும். 400-க்கு மேல் போனால் கட்டி வேகமாகப் பரவும் வாய்ப்பு கூடுதல், உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மருந்தைத் தீர்மானிக்கவும் அதே 400 உதவுகிறது: சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை பலன் தராமல் போனால் தரும் ராமுசிருமாப் என்ற மருந்து, 400-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

முதல் எண்ணைவிட, சிகிச்சைக்குப் பிறகு அது இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள்.

அம்மாவுக்கு ஏ.எஃப்.பி. ஏறவே இல்லை, பலருக்கும் அப்படித்தான். அதனால் பிவ்கா பார்த்தார்கள். ரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் அரைகுறையாக உருவானால் அது பிவ்கா. ஒரு தடவை அது பல மடங்கு எகிறிவிட்டது. இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தது. அப்புறம்தான் டாக்டர், “வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?” என்று கேட்டார். இதயத் துடிப்பு சீராக இல்லையென்று வேறொரு இடத்தில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையை ஆரம்பித்திருந்தார்கள். புரோத்ராம்பின் முழுதாக உருவாகத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையை அது தடுப்பதால், புற்று வளராமலே பிவ்கா ஏறும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

எல்3 என்றும் ஒன்று உண்டு: ஏ.எஃப்.பி.-யில் மைசூர் பருப்பின் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் பகுதி எத்தனை சதவீதம் என்று அளப்பது. அது கூடினாலும் கவனம் தேவை.

இப்போதெல்லாம் என் கண் முதலில் போவது ஆல்புமினுக்குத்தான். யாரும் பெரிதாகப் பேசாத புரதம். ஆனால் சுருங்கிய கல்லீரல் சிகிச்சையைத் தாங்குமா என்பதை, மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபினோடு சேர்ந்து அதுதான் காட்டும். 3.5-க்கு மேல் இருந்தால் ஓரளவு தெம்பு இருக்கிறது. 2.8-க்குக் கீழே போனால் டாக்டர்கள் ரொம்ப யோசிப்பார்கள்.

சரி, அப்பாவின் ஆல்புமின், பிலிருபின் எவ்வளவு? கட்டி ரத்தக்குழாய்க்குள் போயிருக்கிறதா? இந்த மூன்றையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள். நான் பார்க்கிறேன்.