கணக்கு கேம்ப்பில் சேர்க்கலாமா? முதலில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகன் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு போகிறான். கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. புதுச்சேரியில் மே மாதம் நான்கு வாரம் ஒலிம்பியாட் கேம்ப் நடக்கிறது. கட்டணம் அதிகம், தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். சேர்க்கலாமா?

பதில்: நூற்றுக்கு நூறு வாங்குவது சந்தோஷம்தான் அம்மா. ஆனால் அதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. இன்று ராத்திரி அவனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 1 முதல் 10 வரை எழுதிக்கொள்ள வேண்டும். ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, அவற்றின் வித்தியாசத்தை எழுத வேண்டும். ஒரே எண் மிஞ்சும்வரை இப்படியே. கடைசியில் 0 மிஞ்ச வைக்க முடியுமா?

நாலைந்து தடவை ஆடிப் பார்ப்பான். 1, 3, 5 என்று ஒற்றைப்படையாகவே வந்து நிற்கும். காரணம் இதுதான்: தொடக்கத்தில் கூட்டுத்தொகை 55. ஒவ்வொரு முறையும் அது சிறிய எண்ணின் இரண்டு மடங்கு குறைகிறது. ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படை போனால் மீதி ஒற்றைப்படைதான், 0 வர வழியே இல்லை. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் பல் தேய்க்கும்போதும் அதையே முணுமுணுத்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பத்து நிமிடத்தில் நோட்டை மூடிவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அடுத்து, எந்தத் தேர்வுக்கான கேம்ப் என்று கேளுங்கள். ஒலிம்பியாட் என்ற பெயரில் தனியார் தேர்வுகள் நிறைய உண்டு. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டிக்குப் போகும் வழி ஐ.ஓ.க்யூ.எம். என்ற தகுதித் தேர்வில் தொடங்குகிறது. 3 மணி நேரம், 30 கேள்விகள், ஒவ்வொரு விடையும் 00 முதல் 99-க்குள் ஒரு எண். அதைத் தாண்டினால் ஆர்.எம்.ஓ. என்ற மண்டல ஒலிம்பியாட்: அதே 3 மணி நேரம், ஆறே கணக்குகள், நிரூபணத்தை முழுசாக எழுத வேண்டும். குறுக்குவழி மட்டும் படித்த பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிறகு ஐ.என்.எம்.ஓ. என்ற தேசிய ஒலிம்பியாட், தேசியப் பயிற்சி முகாம், கடைசியில் ஆறு பேர் கொண்ட அணி. இப்போதைக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம். சென்னையில் இருக்கும் கணித ஆசிரியர் சங்கமான ஏ.எம்.டி.ஐ. நடத்தும் என்.எம்.டி.சி. என்ற தேசியக் கணிதத் திறன் தேர்வில் 9, 10-ஆம் வகுப்புக்கு ஜூனியர் பிரிவு உண்டு. முதல் முயற்சிக்கு அது நல்ல களம்.

பாடத்திட்டத்தையும் வாங்கிப் பாருங்கள். இயற்கணிதம், வடிவியல், எண்ணியல், 'எத்தனை விதமாக' என்று எண்ணும் கணக்குகள், இந்த நான்கும்தான் அடிப்படை. நோட்டீஸில் கால்குலஸ் என்று பெருமையாகப் போட்டிருந்தால் ஜே.இ.இ. கோச்சிங்கையும் இதையும் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அபாகஸ், வேக வாய்ப்பாடு எல்லாம் வேறு சமாச்சாரம்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். கணக்கைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். நான் எடுத்த முதல் கேம்ப்பில் ஒரு நாளைக்கு நாற்பது கணக்கு போட்டுக் காட்டினேன். பெற்றோருக்கு ஏகத் திருப்தி, பிள்ளைகள் மனசில் ஒன்றும் நிற்கவில்லை. இப்போது ஆறு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதிய நிரூபணத்தைத் திருத்தி, எந்த வரியில் ஓட்டை என்று குறித்துத் தருகிறார்களா என்பதும் முக்கியம்.

இன்னொன்று. சமீப வருடங்களில் ஐ.ஓ.க்யூ.எம். செப்டம்பர் தொடக்கத்தில் நடந்திருக்கிறது. மே மாதம் படித்தது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தொடராவிட்டால் கட்டணத்தில் பாதி வீண். வார இறுதி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் கடலூரிலேயே நாலு பிள்ளைகள் சேர்ந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள்களை வாரம் ஒன்றாகப் போடலாம். சில பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

சேர்ப்பதாக இருந்தால் காலை வகுப்பாகப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதிய பஸ்ஸில் போய் இறங்கும் பிள்ளைக்கு எந்தக் கணக்கும் ஓடாது.