மார்த்தாவின் அடுப்படி

அன்புள்ள அக்கா,

மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போக முடிவதில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் கஞ்சி. வாய் கசக்கிறதென்று அவர் ஒதுக்கிவிடுகிறார். இரவில் அவர் உறங்கியதும் கொரியத் தொடர் பார்க்கிறேன். அதில் யாராவது யாருக்காவது சோறு பரிமாறினால் கண் கலங்குகிறது. செபமாலை சொல்லும்போது அப்படி வருவதில்லை. செபக் குழுவில் ஒருவர், "நீ மார்த்தாவாகிவிட்டாய்" என்றார். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை மார்த்தா என்றவர் லூக்கா 10ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டார். அங்கே சகோதரி மரியா இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்க, பணிவிடையில் பரபரப்பாக இருந்த மார்த்தாவை அவர் கண்டிக்கிறார். யோவான் நற்செய்தியையும் படிக்க வேண்டும். சகோதரர் லாசரைப் புதைத்த துக்கத்தில் இருந்தபோதே "நீரே மெசியா, நீரே இறைமகன்" என்று அறிக்கையிட்டவர் மார்த்தா. அடுத்த அதிகாரத்தில், பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் நடந்த விருந்தில், அவர் மறுபடியும் பரிமாறிக்கொண்டிருக்கிறார். இம்முறை ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. முதல் தடவை கண்டித்ததும் சமையலுக்காக இல்லை என்றே நான் நினைக்கிறேன். வேலையின் பதற்றத்தில் வந்தவரின் முகத்தைப் பார்க்க மறந்ததற்காகத்தான்.

ரூபவாஹினியில் சிங்களத்தில் 'சுஜாத தியணி' என்று போன 'டே ஜாங் கும்' என்ற கொரியத் தொடர் உங்களுக்கு நினைவிருக்கும். அரண்மனைச் சமையற்கூடத்தில் சிறுமி ஜாங் கும்மிடம் மூத்தவரான ஹான் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொண்டுவருவதையெல்லாம் திருப்பி அனுப்புவார். கடைசியில் சிறுமி விசாரிப்பாள்: வயிறு வலிக்கிறதா, மலம் கழித்தீர்களா, தொண்டை நோகிறதா? பிறகு வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுத்து, மெதுவாகக் குடிக்கச் சொல்வாள். ஹான் காத்திருந்தது அந்த விசாரிப்புக்குத்தான்.

அந்தத் தொடருக்குள் வேதத்தைத் திணிக்க வேண்டாம். கொரியாவில் கத்தோலிக்கச் சமூகம் உருவானதே 1784இல்; கதையோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. ஆனால் "நான் பசியாயிருந்தேன், எனக்கு உணவு கொடுத்தீர்கள்" என்பதைச் சிறுவயதிலிருந்தே பூசையில் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அப்படிப்பட்ட மனம் அந்தக் காட்சிகளில் கலங்காமல் என்ன செய்யும்? அந்தக் கண்ணீரும் உங்கள் விசுவாசத்திலிருந்து வருவதுதான். அதைச் செபமாலைக்குப் போட்டியாக நிறுத்தாதீர்கள். அழுகை வராத செபமும் செபமே.

கோவிலுக்குப் போக முடியாத ஏக்கம் வேறு விஷயம். அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். பங்குச் சுவாமியிடம் பேசுங்கள். நோயாளிக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள்; அருகிலிருந்து பார்க்கும் நீங்களும் பெற்றுக்கொள்ளலாம்.

வாய்க் கசப்புக்கு என் அம்மா செய்த சொதியைச் சொல்கிறேன். வெங்காயம், கறிவேப்பிலை, ஒரேயொரு பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள் ஆகியவற்றைக் கப்பிப்பாலில் (தண்ணியான தேங்காய்ப்பாலில்) அவியவிடுங்கள். முதற்பால் விட்டபின் கொதிக்கவிடாதீர்கள், திரைந்துவிடும். தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். எவ்வளவு புளி வேண்டும் என்று, ஒரு கரண்டி சுவைக்கக் கொடுத்து, மாமியாரிடமே கேளுங்கள்.