ஜெபத்தில் அக்காவின் முகம் வந்தால்

கேள்வி: எனக்கு வயது 43. ஊழியம் எதுவும் செய்வதில்லை, ஆனால் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவன். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. உயில் இல்லை. பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, என் அக்காவிடம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். அக்கா அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச காலமாக, முழங்கால் போட்டாலே அக்காவின் முகம் வருகிறது. அதோடு நிற்பதில்லை. பள்ளி நாளில் செய்த திருட்டு, எப்போதோ அறிக்கை செய்து முடித்த பழைய பாவங்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. 'உனக்கு ஜெபம் ஒரு கேடா?' என்று யாரோ கேட்பதுபோல இருக்கிறது. இரண்டு வருடமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. ஜெபமும் குறைந்துவிட்டது. மற்றவர்கள் தேவ பிரசன்னத்தில் சமாதானம் என்கிறார்கள். எனக்குப் பயம்தான் வருகிறது. இது தேவனா, பிசாசா, என் மனசா?

பதில்: உங்களுக்கு வருவது ஒரே குரல் அல்ல, இரண்டு என்று நினைக்கிறேன். அக்காவின் முகம் ஒரு பக்கம். அதன் பின்னால் வருகிற அந்தப் பழைய மூட்டை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால்தான் எதையும் அவிழ்க்க முடியவில்லை.

முதலில் அக்காவை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை நாம் ஒப்புரவுக்கான வசனமாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று அது தொடங்குகிறது. 'அங்கே' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் ஞாபகம் வரவில்லை. வழியில் வரவில்லை. பலிபீடத்துக்கு முன் நிற்கும்போதுதான் வருகிறது. அதாவது, நீங்கள் விபரீதம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருப்பதை இயேசு சர்வ சாதாரணமாக எதிர்பார்க்கிறார். தேவனுக்கு முன்னால் வந்து நின்றால், யாருக்கு நம்மேல் குறை இருக்கிறதோ அவர் முகம் வரத்தான் செய்யும்.

இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல். காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குப் போய் ஒப்புரவாகித் திரும்பி வா என்றால், கேட்டவர்கள் மனதில் நாள் கணக்கான நடைதான் வந்திருக்கும். இது எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பையும் நிறையக் கலக்கத்தையும் தருகிற இடம்.

சரி, பயம் ஏன்? இதற்கு ஏசாயாவின் 6-ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை. ஆனால் அதை 5-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 5-இல் ஏசாயா ஆறு தடவை 'ஐயோ' சொல்கிறார். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு ஐயோ (உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த வசனம்தான், மன்னியுங்கள்), விடியற்காலமே மதுவைத் தேடுகிறவர்களுக்கு ஐயோ, தீமையை நன்மை என்கிறவர்களுக்கு ஐயோ. எல்லாம் நியாயமான ஐயோக்கள். எல்லாம் அடுத்தவர்களுக்கு. உசியா ராஜா இறந்த வருடம், சுமார் கி.மு. 740-இல், அவர் கர்த்தரைச் சிங்காசனத்தில் காண்கிறார். அடுத்து வாயில் வருவது, "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்." இந்த ஏழாவது ஐயோ அவருக்கே. 'அதமானேன்' என்ற இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு 'வாயடைத்துப் போனேன்' என்றும் பொருள் கொள்ளலாம் என்பார்கள். பேசிப் பேசியே வாழ்ந்த தீர்க்கதரிசி அவர்.

அங்கே யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை என்பதைப் பாருங்கள். சேராபீன்கள் என்ற தூதர்கள் ஏசாயாவைப் பார்த்து ஒரு வார்த்தை கண்டித்துப் பேசவில்லை. "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. அடுப்படியில் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டுப் பளிச்சென்று எல்.இ.டி. போட்ட அன்று, அடுப்புக்குப் பின்னால் சுவரில் எத்தனை வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று தெரியுமே, அதுபோல. பல்பு அழுக்கைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. அழுக்கு தெரிகிறதே என்று பல்பைக் கழற்றுவதும் இல்லை. ஜெபத்தைக் குறைத்ததன்மூலம் நீங்கள் செய்திருப்பது ஏறக்குறைய அதைத்தான்.

இன்னொன்றும் பாருங்கள். ஏசாயா 'நான் எல்லாவற்றிலும் கெட்டவன்' என்று பொதுவாகச் சொல்லவில்லை. 'உதடு' என்றார். அவர் தொழில் செய்த உறுப்பு அது. நெருப்புத்தழலும் அங்கேதான் தொட்டது. சேராபீன் குறட்டால் பலிபீடத்திலிருந்து ஒரே ஒரு தழலை எடுத்து வந்து, சரியாக வாயைத் தொட்டு, "உன் அக்கிரமம் நீங்கி, உன் பாவம் நிவிர்த்தியானது" என்றான். சுடாமல் இருந்திருக்காது. ஆனால் எரித்துப்போட வந்த நெருப்பு இல்லை அது. பலி எரிகிற இடத்திலிருந்து வந்த நெருப்பு.

பேதுருவுக்கும் தொழிலில்தான் பிடி விழுந்தது. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல், காலையில் வலையை அலசிக்கொண்டிருந்த மனுஷன். இயேசு ஆழத்தில் போடச் சொன்னபோது "ஐயரே" என்று மரியாதையாக ஒரு பதில், 'நீர் சொல்வதால் போடுகிறேன்' என்கிற தோரணையில். இரண்டு படவும் அமிழ்கிற அளவுக்கு மீன் ஏறியதும் அதே வாய் "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்கிறது. ஐயரே, ஆண்டவரே: நடுவில் இரண்டே வசனம். இயேசு அவன் பாவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'போகவேண்டும்' என்று கேட்டதற்குப் போகவும் இல்லை. "பயப்படாதே" என்று சொல்லி வேலை கொடுத்தார்.

தேவ பிரசன்னத்தில் வருகிற பயத்துக்கும் மற்றப் பயத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஏசாயா கர்த்தரைக் கண்ட அதே எருசலேம் ஆலயத்துக்குள் உசியாவும் ஒரு நாள் போனார். 52 வருடம் ஆண்ட ராஜா. ஆசாரியர் மட்டும் செய்யவேண்டிய தூபத்தைத் தானே காட்டப் போனார். அசரியா என்ற ஆசாரியரும் 80 பேரும் மறித்துச் சொல்லியும் கேட்காமல் கோபப்பட்டார். நெற்றியில் குஷ்டம் தோன்றியது. அவரை வெளியே தள்ளினார்கள். தானும் வெளியே போகத் தீவிரப்பட்டார் என்று 2 நாளாகமம் 26 சொல்கிறது. சாகும்வரை தனி வீடு. சொன்னதைக் கேட்காத ராஜா வெளியே ஓடினார். 'அதமானேன்' என்ற தீர்க்கதரிசி அங்கேயே நின்றார். பயந்தாலும் நிற்க முடிகிறதா என்பதுதான் நான் என்னிடத்திலேயே கேட்டுப் பார்க்கிற கேள்வி.

இப்போது உங்களுடைய அந்த இரண்டாவது மூட்டைக்கு வருவோம். பரிசுத்த ஆவியானவர் "கண்டித்து உணர்த்துவார்" என்று யோவான் 16:8 சொல்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் எனக்குப் பிடித்த சொற்சேர்க்கைகளில் ஒன்று இது. கண்டிப்பு தனியாக வராது, உணர்த்துதலும் கூடவே வரும். எது தப்பு, என்ன செய்ய வேண்டும் என்று விளங்கும். 'அக்காவிடம் கையெழுத்து வாங்கினாய்' என்பது அப்படிப்பட்டது. பெயர் உண்டு, தேதி உண்டு, செய்யக்கூடிய காரியம் உண்டு. 'உனக்கு ஜெபம் ஒரு கேடா?' என்பதில் என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாது, எழுந்து போவதைத் தவிர. "இரவும் பகலும்" குற்றஞ்சாட்டுகிறவன் என்று வெளிப்படுத்தல் 12 பிசாசைப் பற்றிச் சொல்கிறது. அவன் முன்பு நடந்த உண்மைகளையே எடுத்துப் பேசுவான், அதில்தான் நாம் ஏமாறுகிறோம். உண்மையாக இருப்பதாலேயே அது தேவன் பேசுவதாகாது.

மனசாட்சி கூரான பலர் இதில் சிக்கியிருக்கிறார்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, தன் வாழ்நாள் பாவம் முழுவதையும் எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் 'ஏதோ விட்டுப்போச்சு' என்று திரும்பத் திரும்பப் போனார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் அது தள்ளியது. கடைசியில், அறிக்கை செய்து முடித்த பழைய பாவங்களை இனி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானம் எடுத்தார். உங்களுக்கும் அதே ஆலோசனைதான். பள்ளி நாள் திருட்டை இன்னொரு தடவை அறிக்கையிடாதீர்கள். ஞாபகம் வந்தால், 'அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-இன்படி அது முடிந்தது' என்று சொல்லிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போங்கள். ஆனால் தூக்கம் கெட்டு, ஒரே ஜெபத்தை 'சரியாகச் சொல்லவில்லை' என்று பத்துத் தடவை சொல்லவேண்டியிருக்கிறது, சாகலாம்போல இருக்கிறது என்ற நிலை இருந்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. இதை நான் மேடையிலும் சொல்லியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஆராதனையில் அழுகை வரவில்லையே என்றும் கவலைப்படாதீர்கள். கன்வென்ஷன் கூட்டங்களில் யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்கள் அதிகம் உணர்த்தப்பட்டவர்கள் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. ஆயக்காரனான (வரி வசூலிக்கிறவன்) சகேயு ஒரு சொட்டு அழுததாக லூக்கா எழுதவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னான்.

திருவிருந்து விஷயம். "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், என்ற வார்த்தைதான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். உங்களை மட்டுமல்ல. கொழுந்தியாளோடு சுவர்ச் சண்டை போட்டதற்காகப் பதினொரு வருடம் பந்திக்கு வராத ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். அவர் சண்டையையும் தீர்க்கவில்லை. 1 கொரிந்தியர் 11-இல் பவுல் 'அபாத்திரமானவர்கள் வராதேயுங்கள்' என்று எழுதவில்லை. 'அபாத்திரமாய்ப் புசிப்பது' என்று, சாப்பிடுகிற விதத்தைப் பற்றி எழுதுகிறார். கொரிந்துவில் நடந்தது என்ன? சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." பக்கத்தில் இருந்த ஏழைச் சகோதரனை வெறும் வயிற்றோடு விட்டுவிட்டுக் கர்த்தருடைய பந்தி என்று பெயர் வைத்தார்கள். தன்னைச் சோதித்தறிந்து, அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் "பானம்பண்ணக்கடவன்" என்றுதான் வாக்கியம் முடிகிறது, வீட்டுக்குப் போகக்கடவன் என்று முடியவில்லை. ஆனால் உங்கள் காரியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: கூடப்பிறந்தவளின் பங்கைத் தின்றுவிட்டுப் பந்தியில் உட்காருவது கொரிந்துவின் குற்றத்துக்கு மிகவும் பக்கத்தில் வருகிறது. ஆகையால் விலகியிருந்தது தப்பு என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடம் விலகி மட்டுமே இருந்ததுதான் தப்பு. காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்றார் இயேசு. நீங்கள் வைத்துவிட்டு, எங்கும் போகாமல் வாசலிலேயே நிற்கிறீர்கள்.

போக வேண்டியது எங்கே என்று உங்களுக்குத் தெரியும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நீங்கள் வாங்கியது அக்காவின் பங்கு. ஒருவனை வஞ்சித்துப் பெற்றதை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது லேவியராகமம் 6. அதையும் குற்றநிவாரண பலி செலுத்துகிற அதே நாளில் கொடுக்கச் சொன்னது. ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமச் சட்டம். சகேயு ஐந்தில் ஒன்றை விட்டுவிட்டு, திருடனுக்குரிய நாலத்தனையைத் தனக்குப் போட்டுக்கொண்டான். உங்களுக்கு அவ்வளவு கேட்கவில்லை. அவர் பங்கை நிலமாகவே எழுதிக் கொடுக்கலாம், அல்லது இன்றைய விலைக்குப் பணமாக. ஆறு வருடத்துக்கு முந்தைய விலைக்குக் கணக்குப் போடாதீர்கள், அது இன்னொரு பத்திரம் வாங்குவதுபோல ஆகிவிடும். எந்த வகைப் பத்திரம், எவ்வளவு முத்திரைத்தாள் கட்டணம் என்பதையெல்லாம் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அங்கே எதிர்ப்பு வரலாம், பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு வரும். அவருக்குத் தெரியாமல் செய்தால் ஒரு கையெழுத்தைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை வாங்கியதாகிவிடும். அக்காவிடம் போனில் சொல்லாதீர்கள். 'நான் உன்னை மனவருத்தப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு' என்று பூசி மெழுகவும் வேண்டாம். அக்கா உடனே மன்னிக்காமல் போகலாம், கோபத்தில் பழைய கதை பத்து எடுக்கலாம். அதற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த விடுதலைப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். அக்காவின் கையில் கொடுத்து, முழுவதும் படிக்கும்வரை காத்திருங்கள்.