ஸ்காட்லாந்தின் வடக்கே பள்ளத்தாக்குகளில் ஏன் மனிதர்களே இல்லை?

குளிர், மோசமான மண், அதனால் யாரும் குடியேறவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. அங்கே ஆட்கள் இருந்தார்கள், துரத்தப்பட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை இதைப் புரிந்துகொள்ளச் சரியான இடம் ராஸ் பகுதியில் இருக்கும் க்ரோயிக் என்ற சின்ன பாரிஷ்தான் (பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்).

ஆர்ட்கய் கிராமத்திலிருந்து ஆற்றோரமாக மேற்கே போகும் ஒற்றைத் தடச் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் போனால் ஒரு தேவாலயம் வரும். ஒதுக்குப்புறமான பாரிஷ்களுக்காக நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் 32 தேவாலயங்கள் கட்டப்பட்டன, அதில் இதுவும் ஒன்று, 1827-ல் முடிந்தது. யோசித்துப் பாருங்கள், ஆளே இல்லாத இடத்தில் அரசாங்கம் எதற்குத் தேவாலயம் கட்டப்போகிறது?

பக்கத்துக் கிளென்கால்வி பள்ளத்தாக்கில் கேலிக் மொழி பேசும் குத்தகை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வாடகை பாக்கிகூடக் கிடையாது. ஆனால் அந்த நிலத்தை மொத்தமாக ஆட்டுப் பண்ணைக்கு விட்டால் நிலக்கிழாருக்கு வருமானம் அதிகம், அவ்வளவுதான் காரணம். முதல் தடவை வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொண்டுவந்தபோது பெண்கள் வழிமறித்து அந்தக் காகிதங்களைத் தீயில் எரித்துவிட்டார்கள். அப்புறமும் நிலக்கிழாரின் காரியஸ்தர் ஜேம்ஸ் கில்லாண்டர்ஸ் விடவில்லை, 1845 மே மாதம் எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்.

போக்கிடம் இல்லாமல் குழந்தைகள் உட்படச் சுமார் 80 பேர் க்ரோயிக் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், துணியும் போர்வையும் கட்டி மழையில் தங்கினார்கள். லண்டன் டைம்ஸ் நாளிதழின் நிருபர் நேரில் வந்து எழுதியதால்தான் வெளியுலகத்துக்கே தெரிந்தது.

அவர்கள் தேவாலய ஜன்னல் கண்ணாடியில் கீறி எழுதிவைத்தார்கள். "கிளென்கால்வி மக்கள் 1845 மே 24 அன்று இங்கே கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்" என்று ஒன்று. இன்னொன்றில் "கிளென்கால்வி மக்கள், பொல்லாத சந்ததி" என்று இருக்கிறது. தங்களைத்தான் சொல்கிறார்கள்! வீட்டைப் பிடுங்கியவர்மேல் ஒரு வார்த்தைகூட இல்லாமல், இது நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவர்களே நம்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது, எனக்கு இதைத்தான் தாங்கவே முடியவில்லை.

குத்தகை விவசாயிகளை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்தது 1886-ல். கிளென்கால்விக்கு அது 41 ஆண்டுகள் தாமதம்.

நேரில் போனால் தேவாலயத்தின் கிழக்குப் பக்க ஜன்னலை வெளியே நின்று பாருங்கள், எழுத்துகள் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கின்றன.