அம்மாவுக்கு ஹெம்ப் கம்மி: வரவழைக்காதீர்கள்

அம்மாவின் தூக்கத்துக்காக அமெரிக்காவிலிருந்து அக்கா சிங்கப்பூருக்கு ஹெம்ப் கம்மி (கஞ்சாச் செடி வகையிலிருந்து செய்யும் மெல்லும் மிட்டாய்) அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம், இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அங்கே 2018 சட்டம் டிஎச்சி என்ற போதை தரும் பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று பிரித்து அனுமதித்தது. குறைவாகத் தெரிகிறதா? 5 கிராம் மிட்டாயில் அது 15 மில்லிகிராம். வயதானவருக்குத் தலை சுற்றிவிடும்.

சிங்கப்பூரில் அந்தப் பிரிவினையே கிடையாது. டிஎச்சி ‘ஏ’ வகைப் போதைப்பொருள். வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வரவழைப்பது அதைவிடப் பெரிய குற்றம். அங்கே வாங்கிய ரசீது இங்கே உதவாது.

அப்புறம், அக்கா சிங்கப்பூர்க் குடிமகளோ நிரந்தரவாசியோ என்றால் அங்கேயே சாப்பிடுவதும் இங்கே குற்றம்தான். அம்மாவைப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தூங்க முடியாததன் காரணத்தை முதலில் பார்க்கட்டும்.