இருபது வருடக் கை

அன்புள்ள சார்,

எனக்கு வயது 44. கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவர் விட்டுப்போன கிட்டாரில் நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டவன். இருபது வருடமாக ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறேன். பாட்டைக் கேட்டால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துவிடுவேன். ஆனால் பத்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். போன மாதம் ஒரு மாஸ்டரிடம் போனேன். சின்னப் பையன். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "அங்கிள், பிடியிலிருந்து ஆரம்பிக்கணும்" என்றான். இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. இந்த வயதில் முதலிலிருந்து தொடங்கத்தான் வேண்டுமா? எனக்கென்று இருக்கிற ஸ்டைலும் போய்விடாதா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அவன் 'பிடியிலிருந்து' என்றிருக்கிறான். நீங்கள் 'முதலிலிருந்து' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு.

முதலிலிருந்து தொடங்கவைத்த ஒரு வகுப்புக்கும் நான் போயிருக்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கும் எனக்கும் ஒரே புத்தகம், ஒரே பக்கம். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். அடுத்த மாஸ்டரிடம் போனபோது எனக்கு 47. பெருமையாக ஒன்றை வாசித்துக் காட்டினேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எஃப் பிடிங்க சார்" என்றார். ஆள்காட்டிவிரலைக் கம்பிகள்மேல் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கிற கார்டு அது. பிடித்தேன். "இப்ப பின்னாடி இருக்கற கட்டைவிரலை எடுங்க." எடுத்ததும் கார்டு செத்துப்போனது. இத்தனை வருடமும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இடுக்கியாக நசுக்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

ஆள்காட்டிவிரலைத் தட்டையாக வைத்தால் கம்பிகள் விரல் மடிப்புகளுக்குள் அமுங்கிவிடும். கொஞ்சம் சாய்த்து, எலும்பு தட்டுப்படும் ஓரத்தால், ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) ஒட்டிப் பிடிக்க வேண்டும். முழங்கை விலாப்பக்கம் வர வேண்டும். பிறகு ஒரு பயிற்சி: விரலைக் கம்பிமேல் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே, இரைச்சல் நிற்கும்வரை மட்டும் அழுத்துவது. எவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்று தெரிந்தபோது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இது எனக்குத் தெரியாமலே போனதற்குக் காரணம் கேபோ, கழுத்தில் மாட்டினால் கம்பிகளை மொத்தமாக அழுத்திக்கொள்ளும் கிளிப். எஃப் என்றால் முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு சுலபமான 'இ' பிடி, பி ஃப்ளாட் என்றால் மூன்றாவதில் போட்டு 'ஜி' பிடி. பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் தப்பித்துவிடலாம். உங்கள் பெட்டியிலும் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டைல் பற்றிக் கேட்டீர்கள். கார்டு மாறுவதற்குச் சற்று முன், திறந்த கம்பிகளை மேல்நோக்கி ஒரு தட்டு தட்டுவேன். அது என் முத்திரை என்று நண்பர்களே சொல்வார்கள். மாஸ்டர் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து எஃப்பிலிருந்து சி-க்கு மாறச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, இடது கை நேரத்துக்குப் போய்ச் சேராததை மறைக்க வலது கை செய்துவந்த உபகாரம் அது. இப்போது நேரத்துக்கு மாறுகிறேன். அந்தத் தட்டு இன்னும் இருக்கிறது, வேண்டும் என்கிற இடத்தில் மட்டும்.

யாரிடமும் படிக்காதவர்களைச் சொல்லும்போது அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியை இழுப்பார்கள். பிக் (மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர், நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாதவர். எல்லாம் சரி. ஆனால் அவர் தனக்கு முந்தைய ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, சோலோக்களை (தனி வாசிப்புகளை) சுரம் பிசகாமல் கையில் ஏற்றியவர். அவருக்கு இசைத்தட்டே மாஸ்டர். நம்ம ஊரில் இளையராஜா இருக்கிறார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் பல வருடம் மேடை மேடையாக வாசித்த பிறகுதான் சென்னையில் மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் முன்னால் மாணவராக உட்கார்ந்தார். தன்ராஜிடம் போனதால் சொந்த ஊரான பண்ணைப்புரம் அவரைவிட்டுப் போய்விடவில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். எனக்கு நான்கு மாதம் வாசிப்பு முன்பைவிட மோசமாக இருந்தது. பழைய பிடி போய்விட்டது, புதியது வரவில்லை. அதற்காக ஆராதனையை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய கையோடு வாசியுங்கள், மற்ற நாட்களில் புதிய கையைப் பழக்குங்கள். மாஸ்டர்களுக்கு இது பிடிக்காது. என் மாஸ்டருக்குத் தெரியாமல் நான் இப்படித்தான் ஓட்டினேன்.

அந்தப் பையனிடமே திரும்பப் போங்கள். ஒருமுறை கேட்டுவிட்டே பிடியைச் சொன்னவனை விடக்கூடாது. போவதற்கு முன் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் கிட்டார் ரிப்பேர் பார்க்கிற யாரிடமாவது கொடுத்துக் கம்பியை இறக்குங்கள். விடுதியில் கிடைத்த அதே கிட்டார் என்றால், பாதிக் குற்றம் அதனுடையதாகவும் இருக்கலாம்.